ஈட்டியைக் கீழே போட்ட பிறகு

மார்ச் 4

நாத்தனாருக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். ஆட்டக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். உன் அண்ணனிடம் சொல்லியனுப்பலாம் என்றால், "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரல. எனக்குத் தூக்கம் வருது" என்கிறார். ஆகவே நாற்பத்தாறு வயதில், ஒரு விளையாட்டுக்காக, தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

நேற்று நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நீ இதற்குள் அதை உன் வசதிக்கு வளைத்து வைத்திருப்பாய்.

ஆறு வருடமாகச் சனிக்கிழமை மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் பகடை உருட்டிக் கதையாட்டம் ஆடுகிறோம். கதை நடத்துவது நான். மலை, மழை, மிருகம், எதிரி எல்லாம் என் வாயிலிருந்து வரும். நீங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பாத்திரம். உன் அண்ணன் திருடன். பல் டாக்டர் மந்திரக்காரி. லிஃப்ட் பழுது பார்க்கும் கோந்து வில்லாளி (உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கிற மனுஷன் என்று அந்தப் பெயரை வைத்ததே நீதான்). நீ கவசக்காரி. யாரும் உன் தலையில் கட்டவில்லை, நீயே கேட்டு வாங்கினாய். அவள் தன் தெய்வத்திடம் ஒரு சத்தியம் செய்தவள்: ஆயுதத்தைப் போட்டவர் மேல் கை வைக்க மாட்டேன். அந்தச் சத்தியத்தால்தான் அவள் தொட்டால் காயம் ஆறுகிறது, அவள் வாள் இருட்டில் ஒளிர்கிறது.

நேற்று குகையில் உங்களை எதிர்த்த கூளிகள் தோற்றன. மிச்சமிருந்தவை ஈட்டியைக் கீழே போட்டு மண்டியிட்டன என்று நான் தெளிவாகச் சொன்னேன். கோந்து, "சரி, கட்டிப் போட்டுரலாமா?" என்றார். உன் அண்ணன், "கயிறு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்.

"வெட்டுறேன்."

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"ஆமா, வரிசையா. பகடை வேண்டாம்ல? மண்டி போட்டவங்கள வெட்டப் பகடை உருட்ட வேண்டாம்னு விதி இருக்கு."

இருக்கிறது. அந்த விதி எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. உனக்கு இருந்தது.

அதன் பிறகு தெய்வம் கவசக்காரியைக் கைவிட்டது, வாள் அணைந்தது. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் இறங்கிப் போனாய்.

மேஜைக்குத் திரும்ப வேண்டுமென்றால், செய்தது தப்பு என்று இரண்டு வரி எழுது. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளிடம் தினமும் நீ எழுதி வாங்குவதுதான். அதுவரை உன் நாற்காலி காலியாக இருக்கும்.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காக ஒரு பகுதியை விட்டும் இருக்கிறீர்கள். எங்கள் பள்ளியில் இதற்கு அரை மதிப்பெண் போடுவோம்.

நான் "வெட்டுறேன்" என்றபோது அந்தக் குகையில் ஈட்டியோடு சண்டைக்கு வந்த கூளிகள் மட்டும்தான் இருந்தன. நான் வெட்டி முடித்த பிறகு நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு எக்ஸ்ரே அறையில் நோயாளிகளிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பீர்களே, அந்த ஆஸ்பத்திரிக் குரலில் ஆரம்பித்தீர்கள். "இவன் பேரு ஒற்றைக்காது. குகையில பாட்டு கட்டுறவன். இவ வீட்டுல மூத்தவ. நேத்துதான் சண்டைக்கே வந்தா." செத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தீர்கள், அண்ணி. உயிரோடு இருந்தவரை அவை வெறும் கூளிகள்.

அது போதவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் குட்டிகள் அழும் சத்தம் கேட்கிறது என்றீர்கள். கோந்து வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தப் பக்கம் அறையே இல்லையே" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"இப்ப இருக்கு."

ஒருத்தியை அழவைப்பதற்காக அவசரமாக ஓர் அறை கட்டி, அதற்குள் குழந்தைகளை நிரப்பினீர்கள். நான் செய்ததாவது அந்த உலகத்து விதிப்படி நடந்தது.

விதியைப் பற்றியே பேசுவோம். கூளிகள் பிறவியிலேயே கொடியவை என்பது நீங்கள் வாங்கி வந்த விதிப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. கொன்றால் புள்ளி, உயிரோடு விட்டால் பூஜ்யம் என்று ஆறு வருடமாக நடத்தியதும் நீங்கள். போன மழைக்காலத்தில் வெள்ளைத் துணி காட்டி வந்த கூளிகள் கோந்துவின் வில்லாளியைத் தூங்கும்போது குத்திக் கொன்றன. பாவம், மனுஷன் அந்த வில்லாளிக்கு ஒரு தம்பியை உண்டாக்கி ஆடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குச் சரணடைவது தந்திரம் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள். இன்றைக்குப் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டுப் பரீட்சை வைக்கிறீர்கள்.

மன்னிப்புக் கடிதங்களை என்னிடம் உதாரணம் காட்ட வேண்டாம். இருபது வருடமாக வாசிக்கிறேன். "இனிமேல் செய்ய மாட்டேன்" என்ற வரியில் மை காய்வதற்குள் மறுபடி செய்திருப்பார்கள். மண்டியிடுவது என்றால் என்னவென்று இந்தக் குடும்பத்தில் என்னைவிட யாருக்கும் தெரியாது.

எழுத மாட்டேன். நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12

நாத்தனாருக்கு,

சிவப்பு மையில் எழுதாமல் விட்டாயே, அதுவே பெரிய மனசு.

வெள்ளைத் துணி காட்டிய கூளிகள் வேறு கூட்டம், வேறு மலை. ஒருத்தன் பொய் சொன்னான் என்பதற்காக வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்துகிற ஆளுக்கு அந்த வித்தியாசம் புரியாது. பிறவியிலேயே கொடியவை என்று புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது என்கிறாய். உயிர் போகும் நேரத்தில் ஈட்டியைக் கீழே போடத் தெரிந்த ஒன்று பிறவிக் கொடியதாக எப்படி இருக்கும்? தோல்வி தெரிகிறது, பயம் தெரிகிறது, எதிராளி கேட்பான் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற ஒன்றைப் புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது என்று வெட்டுகிறாய். விதிப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் உலகத்தில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று நீயே ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறாய்.

புள்ளியாம். மூக்கைத் துடைத்துவிட்டாலும் புள்ளி கேட்பாய் போலிருக்கிறது.

கூளிகள் எங்கும் இல்லை, எனக்கும் தெரியும். அவற்றுக்கு வலிக்காது. என் கவலை அவற்றைப் பற்றியே இல்லை. கூளி பொய், குகை பொய், ஆனால் டீயை உறிஞ்சிக்கொண்டே "வரிசையா" என்று சொன்ன வாய் நிஜம். எக்ஸ்ரேயில் நாங்கள் யாருக்கும் எலும்பை வைத்து அனுப்புவதில்லை. உள்ளே இருப்பதுதான் படத்தில் விழும். அன்றைக்கு உன் படம் விழுந்தது, நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம்.

பின்னறை விஷயம். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் சொல்லும்போதுதான் அங்கே அது இருக்கிறது. கதை நடத்துகிறவளின் உரிமை அது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆறு வருடம் என்ன ஆடினாய்?

கடைசியாக ஒன்று. எழுத மாட்டேன் என்கிறாய். எழுதாதே. ஆனால் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டைவிட்டால் உனக்குப் போக வேறு எந்த வீடு இருக்கிறது என்று உட்கார்ந்து யோசி. யாரும் வா என்று கூப்பிடாத ஆளை நாங்கள் கூப்பிட்டோம். இந்தச் சனிக்கிழமை பல் டாக்டரோடு வேலை பார்க்கும் பெண் ஆட வருகிறாள். உன் நாற்காலியில்தான் உட்காரப் போகிறாள்.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

சனிக்கிழமை மதியம் பள்ளிக்குப் போனேன். காவலாளி, "இன்னைக்கு லீவு மேடம்" என்றார். "தெரியும்" என்றேன். என் அறையைத் திறந்து மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேஜையில் திருத்த எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏதாவது தொலைஞ்சு போச்சா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, இருக்கும் ஃபைல்களை இடம் மாற்றி வைத்தேன்.

நான் செய்தது தப்பு.

இந்த வரியை எழுதிய பிறகு பேனா தானாக "ஆனால்" என்று போகிறது. மூன்று தாள் அப்படிப் போயிற்று. பிள்ளைகள் எழுதும்போது ஏன் அவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன். இது நான்காவது தாள். "ஆனால்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

ஏன் வெட்டினேன் என்று சொல்கிறேன். விதியும் வெள்ளைத் துணியும் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். உண்மையான காரணம் அலுப்பு. அந்த வாரம் முழுக்க என் எதிரே யாராவது நின்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள். ஒவ்வொருவர் கதையையும் கேட்டு, இது நிஜமா நடிப்பா என்று பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை உங்கள் மேஜைக்கு வந்து காலை நீட்டினால், அங்கேயும் ஒரு வரிசை என் முன்னால் மண்டியிட்டது. அவற்றைக் கட்டி, விசாரித்து, சோறு போட்டு, எங்கே கொண்டுபோய் விடுவது என்று விவாதித்து... எனக்கு முடியவில்லை. கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அதனால் வெட்டினேன். கோபத்தில் வெட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் மேல் என்று தோன்றுகிறது.

அந்தப் படம் என்னுடையதுதான், அண்ணி.

அடுத்த சனிக்கிழமை வரட்டுமா? சக்தியைத் திருப்பித் தர வேண்டாம். வாள் அணைந்தே இருக்கட்டும். கவசத்தைக் கழற்றிவிட்டு, மற்றவர்களுடைய குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வந்தாலும் சரி. அந்தப் பெண் என் நாற்காலியில் உட்காரட்டும். சமையலறை ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 25

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. நேற்று ஆட்டம் தொடங்குமுன் மேஜையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் முன்னால் செய்த தப்பு, அவர்கள் முன்னால்தானே தீர வேண்டும்?

நன்றாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. காவலாளி, டீ, மின்விசிறி எல்லாம் சேர்த்துப் படிக்கிறவர் கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி. "ஆனால்" எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்கிறாய். எடுக்கவில்லை, வேறு சட்டை போட்டு நிறுத்தியிருக்கிறாய். அலுப்பாம்! ஊரில் யாருக்கு இல்லை? தினமும் என் அறைக்கு உடைந்த கையும் நொறுங்கிய இடுப்புமாக வருகிறார்கள். எனக்கு அலுத்துப்போனால் நான் யாரையாவது வெட்டுகிறேனா?

ஸ்டூல் கேட்டிருக்கிறாய். பணிவு. வெள்ளைத் துணியைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்குச் சொன்னது நீதான். ஆகவே சில ஏற்பாடுகள். கடிதத்தை நீயே ஒருமுறை எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். உன் வாயால் வந்தால்தான் எது நிஜம் என்று தெரியும். மழைக்காலம் வரும்வரை குதிரைக்காரியாகவே இரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் தொடங்குமுன் நீ வெட்டிய கூளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். "வரிசையா" என்பது உனக்குப் பிடித்த வார்த்தைதானே.

உன் கடிதம் எல்லோரையும் எவ்வளவு சங்கடப்படுத்திவிட்டது என்பதையும் தெரிந்துகொள். நீ பள்ளிக்குப் போய் உட்கார்ந்த பகுதியை நான் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தபோது பல் டாக்டர் எழுந்து கை கழுவப் போய், வெகுநேரம் திரும்பவில்லை. அந்தப் புதுப் பெண் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோந்து வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டம் தொடங்குமுன்பே எழுந்து, "ஒரு லிஃப்ட் நின்னுபோச்சாம்" என்று கிளம்பிவிட்டார். அவர் போனில் மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. உன் அண்ணன் என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இவ்வளவும் உன்னால்.

சம்மதம் என்றால் எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

மண்டி போட்டவரை வெட்டப் பகடை வேண்டாம். விதி உங்களுக்கும் நினைவிருக்கிறது.

நிற்கவும் மாட்டேன், வாசிக்கவும் மாட்டேன். அந்தக் கடிதம் ஒருவருக்கு எழுதியது.

உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம். நீங்கள் வாசித்த அன்று மாலையே கோந்து என் வீட்டுக்கு வந்தார். எந்த லிஃப்டும் நிற்கவில்லை. கதவருகே நின்றுகொண்டு, "பகடை என்கிட்டயும் ஒரு செட் இருக்கு" என்றார். பல் டாக்டர் மறுநாள் கூப்பிட்டார். முந்தாநாள் சனிக்கிழமை மூவரும் என் வீட்டில் ஆடினார்கள். மூன்றாவது ஆள் அண்ணன். உங்களிடம் முடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாராம். முடி வெட்டாமல் திரும்பியதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

கதை நடத்தியது நான். எனக்கு உங்கள் அளவு வராது. மழையைக்கூட, "மழை பெய்கிறது" என்று மட்டும்தான் சொன்னேன். ஒரு பாலம், அதன் மேல் கூளிகள். கோந்து, "கெட்டதுங்களா?" என்று கேட்டார். "எனக்கும் தெரியாது, பேசிப் பாருங்க" என்றேன். பொழுது முழுக்கப் பேச்சிலேயே போயிற்று. ஒரு கூளி பொய் சொன்னது, ஒன்று சொல்லவில்லை. எது எது என்று கண்டுபிடிப்பதற்குள் பல் டாக்டருக்கும் கோந்துவுக்கும் சண்டையே வந்துவிட்டது. யாரும் செத்துப்போகவில்லை, யாருக்கும் புள்ளியும் இல்லை. அண்ணன் தூங்கவில்லை.

இனி சனிக்கிழமைகளில் இங்கேதான். உங்களை வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 9

நாத்தனாருக்கு,

முடி வெட்டாததைக் கவனித்தேன். கேட்கவில்லை. நேற்று முன்தினம் அவர் முடி வெட்டப் போவதாகக்கூடச் சொல்லவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றார். எங்கே என்று நான் கேட்கட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஒரு பாலத்தைக் கடக்க ஒரு பொழுதா? என் ஆட்டத்தில் அந்த நேரத்தில் ஒரு ராஜ்யம் கவிழ்ந்திருக்கும். இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். அடித்தால் யாரோ எழுதிய கடிதம் போல இருக்கும்.

சரணடைவதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஈட்டியைக் கீழே போட்டு மண்டியிட்டன." ஒரே மூச்சில், பிஸ்கட் தட்டை நகர்த்திக்கொண்டே. கூளிகள் அதற்கு முன்னால் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்தத் தாளில் மூன்று நாளாக எனக்கு முழங்கால் மடங்கவில்லை. நீ நான்காவது தாளில் முடித்துவிட்டாய். நான் எத்தனையாவது என்று சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியது அசிங்கம். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தது அதைவிட அசிங்கம். எனக்கு அது வாசிக்கும்போதே தெரிந்தது. தெரிந்தும் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பின்னறையை நான் அப்போதுதான் கட்டினேன். பெயர்களையும் அப்போதுதான் வைத்தேன். ஒற்றைக்காதுக்கு நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அழவில்லை. அதனால்தான் குட்டிகள் வந்தன. அப்போதும் உன் முகம் மாறவில்லை என்பதால் குரலை இன்னும் தாழ்த்தினேன். இரக்கம் என்று நான் அன்றைக்கு எடுத்ததெல்லாம் உன்னை அடிக்க வாகாக இருந்த ஒரு தடி. குட்டிகள் அழுததற்காக எனக்கு ஒரு சொட்டு வருத்தம் இருந்ததா என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம்தான் ஞாபகம் வருகிறது.

நீ வெட்டியது தப்புதான். அதில் நான் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. ஆனால் நீ அலுப்பில் வெட்டினாய், நான் ரசித்து வெட்டினேன்.

போக வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டேனே, அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் மேஜையைத் துடைத்து, பகடைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் புதுப் பெண் மட்டும் வந்தாள். விஷயம் தெரியாமல் வந்துவிட்டாள், பாவம். அரைமணி நேரம் எக்ஸ்ரே எடுப்பது பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.

வருகிற சனிக்கிழமை உன் அண்ணனோடு நானும் வருகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எந்தப் பாத்திரம் கொடுத்தாலும் சரி. வாசலில் மணி அடித்துவிட்டு நிற்கிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் உன்னைக் குறை சொல்ல என்னிடம் எந்த வாதமும் இல்லை.

ஒன்றிரண்டு இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

அண்ணி